இன்னொரு கை சுக்கான் பிடிக்கட்டும்



இது பயணச் சிறப்பிதழ். ரயிலில் போனவர்கள், மிதிவண்டியில் போனவர்கள், நடந்தே போனவர்கள் எழுதிய கட்டுரைகள் உள்ளே இருக்கின்றன. என் பக்கத்தில் மட்டும், பயணத்தை நிறுத்துகிறவர்களைப் பற்றி எழுத ஆசைப்படுகிறேன். பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கடலில் வாழ்ந்துவிட்டு, ஒரு பருவத்தின் முடிவில் “போதும், படகை விற்றுவிடலாம்” என்று முடிவெடுக்கும் தம்பதிகளைப் பற்றி.

உலகம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். படகு பெரும்பாலும் முப்பது முதல் நாற்பத்தைந்து அடி நீளம். அதற்குள் படுக்கை, அடுப்பு, புத்தக அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிவிடும். ஆள் இரண்டே பேர். பலர் பிள்ளைகளை ஆளாக்கி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் கிளம்பியவர்கள். நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போகும் வாழ்க்கை என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். உண்மையில் ஓர் உழவரைப் போலவே இவர்களும் பருவத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அதனால் டோங்கா, பிஜித் தீவுகளில் உலவும் படகுகள் அக்டோபர், நவம்பரில் தெற்கே நியூசிலாந்துக்கு இறங்கிவிடும். மே மாதம் பிறந்ததும் மறுபடி வடக்கே ஏறும். கரீபியனில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். அங்குள்ளவர்கள் கிரெனடா, டிரினிடாட் பக்கம் ஒதுங்குவார்கள், அல்லது படகைக் கரையேற்றிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய் வருவார்கள். ஐரோப்பாவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்க நினைப்பவர்கள் கேனரித் தீவுகளில் காத்திருந்து, நவம்பர், டிசம்பரில் வியாபாரக் காற்று நிலைபெற்றதும் பாய் விரிப்பார்கள். அங்கிருந்து செயின்ட் லூசியா தீவு வரை சுமார் 2,700 கடல் மைல். நடுத்தரமான படகுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் பிடிக்கும்.

மத்தியதரைக் கடலில் கோடைதான் பருவம். அங்கே காற்றோடு சட்டமும் நாட்காட்டியைத் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் வெளியேறிய பிறகு, பிரிட்டிஷ் குடிமக்கள், தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஷெங்கன் நாடுகளில், நீண்டகால விசா இல்லாமல் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. கிரீஸிலோ இத்தாலியிலோ படகை வைத்துக்கொண்டு ஆறு மாதம் அங்கேயே வாழ்ந்து பழகியவர்களுக்கு, பருவத்தில் பாதி அப்படியே கையைவிட்டுப் போனது.

கடலில் ஓர் இரவு எப்படிப் போகும்? டோங்காவிலிருந்து நியூசிலாந்துக்கு ஆயிரம் கடல் மைலுக்கு மேல். ஒரு வாரத்துக்குக் குறையாது, பத்து நாளும் ஆகலாம். வழியில் பெரும்பாலும் நங்கூரமிட வாய்ப்பில்லை. இரவை மூன்று மணி நேரத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் விழித்திருக்க, மற்றவர் உறங்குவார். முறை வந்ததும் தோளைத் தொட்டு எழுப்புவார். எழுந்தவர் காற்று எந்தப் பக்கம் என்று கேட்பார், கப்பல் ஏதும் தெரிகிறதா என்று கேட்பார், பாயைச் சுருக்க வேண்டியிருக்குமா என்று கேட்பார். பதில் வாங்கிக்கொண்டு, உடம்பில் கட்டிய வாரின் கொக்கியைப் படகில் மாட்டிய பிறகே மேல்தளத்தில் கால் வைப்பார். இரவில் ஒருவர் தவறி விழுந்தால், உள்ளே உறங்குகிறவருக்கு அது தெரியவே நேரமாகும் என்பதை இருவரும் அறிவார்கள். அந்தக் கொக்கியைப் பூட்டுவதில் எவ்வளவு அன்பு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பருவம் முடிந்து கரையேற்றினால் அடுத்த வேலை தொடங்கும். அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, அவை மறுபடி பிடிக்காதபடி நச்சு கலந்த பெயின்ட் அடிக்க வேண்டும். புரொப்பல்லர் தண்டில் ஒரு துத்தநாகத் துண்டு பூட்டியிருப்பார்கள். உப்புநீரில் உலோகம் அரிக்கும்போது முதலில் அரிபடுவது அதுதான். தான் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். பருவ முடிவில் பாதியாய்க் கரைந்த துண்டைக் கழற்றிப் புதிது பூட்ட வேண்டும். பாயைத் தைக்க வேண்டும், பம்பைப் பிரித்து மாட்ட வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளை மொத்தமாக மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் கையை விரித்துவிடும்.

இந்தக் கம்பிக்குச் செலவுக் கணக்குப் போடும்போதுதான் பலருக்கு அந்தக் கேள்வி எழுகிறது. புதுக் கம்பி இன்னும் பத்து வருஷம் தாங்கும். நாம் தாங்குவோமா?

உடம்பு முன்பே சில சேதிகளைச் சொல்லியிருக்கும். பாயை இழுத்துக் கட்டும் வின்ச்சைச் சுற்றுகையில் தோள் வலிக்கும். சின்ன ரப்பர் படகிலிருந்து பெரிய படகுக்குத் தாவி ஏறுகையில் முழங்கால் மறுக்கும். இரவில் தூரத்து விளக்கு சிவப்பா பச்சையா என்று உடனே பிடிபடாது. இதில் ஒரு கணக்கு உண்டு. இருவர் மட்டும் ஓட்டும் படகில், ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் தன்னந்தனியாக இரவும் பகலும் ஓட்டிக் கரை சேர்க்க வேண்டும். ஆகவே “என்னால் முடியுமா?” என்று கேட்டுக்கொண்டால் போதாது. “நீ படுத்துவிட்டால் நான் ஒருவனாக உன்னைக் கரை சேர்ப்பேனா? நான் படுத்துவிட்டால் உன்னால் முடியுமா?” என்றுதான் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு இருவரும் மறைக்காமல் பதில் சொன்னால், முடிவு தானே வந்துவிடும்.

கடலோடிகள் எல்லோரும் மதிக்கும் ஒரு தம்பதியை இங்கே நினைக்கிறேன். இங்கிலாந்தைச் சேர்ந்த எரிக் ஹிஸ்காக், சூசன். ‘வாண்டரர் 3’ என்ற அவர்களது 30 அடி மரப்படகு 1952இல் கட்டப்பட்டது. அதே ஆண்டு கிளம்பி 1955இல் உலகைச் சுற்றி முடித்தார்கள். 1959 முதல் 1962 வரை மறுபடி ஒரு சுற்று. சின்னப் படகில் கணவனும் மனைவியுமாக உலகைச் சுற்றுவது அபூர்வமாக இருந்த காலம் அது. எரிக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அப்படியிருந்தும் ‘குரூசிங் அண்டர் செயில்’ (1950), ‘வாயேஜிங் அண்டர் செயில்’ (1959) என்று அவர் எழுதிய நூல்கள், கடலில் வாழ விரும்பிய ஒரு தலைமுறைக்கே பாடநூல்கள் ஆயின.

அந்தப் புகழ்பெற்ற படகை அவர்கள் விற்றார்கள். படகிலேயே நிரந்தரமாகக் குடியிருக்க விரும்பி, ஹாலந்தில் 49 அடியில் எஃகுப் படகு ஒன்றைக் கட்டினார்கள். ‘வாண்டரர் 4’ என்ற அந்தப் படகிலும் நெடுந்தூரம் ஓடினார்கள். வயது ஏற ஏற, இரண்டு பேருக்கு அது பெரிய படகாயிற்று. அதையும் விற்றார்கள். எரிக் எழுபதைத் தாண்டிய பிறகு, நியூசிலாந்தில் சுமார் 40 அடியில் ‘வாண்டரர் 5’ உருவாயிற்று. 1986இல் எரிக் காலமானார். தங்கள் பலத்துக்கு ஏற்ற படகு எது என்று அவ்வப்போது அளந்து பார்த்து, பொருந்தாததை விட்டுக்கொடுத்தபடியே வாழ்ந்ததால்தான் அவர்களால் அவ்வளவு நீண்ட காலம் கடலில் இருக்க முடிந்தது என்று நான் நம்புகிறேன். படகை விட்டுக்கொடுக்க மனம் வராமல் இருந்திருந்தால், கடலை இன்னும் சீக்கிரம் விட்டிருப்பார்கள்.

விற்ற படகு என்ன ஆயிற்று? வாண்டரர் 3 பின்னாளில் தீஸ் மாட்சன் என்ற ஜெர்மானியப் படகுத் தச்சரிடம் வந்து சேர்ந்தது. அவரும் அவருடைய துணைவி கிக்கி எரிக்சனும் அதே 30 அடிப் படகில் பல்லாண்டுகள் வாழ்ந்தார்கள். அண்டார்டிகாவுக்கு அருகே, பனியாறுகளும் பெங்குவின் கூட்டங்களும் சூழ்ந்த தெற்கு ஜார்ஜியாத் தீவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல், குளிர்காலத்திலும் அகலாமல், அதே படகில் தங்கினார்கள். அமெரிக்காவின் குரூசிங் கிளப் வழங்கும் ‘புளூ வாட்டர்’ பதக்கம் நெடுங்கடல் ஓடுகிறவர்களுக்குக் கிடைக்கும் பெருமைகளில் முதன்மையானது. 1955இல் அது ஹிஸ்காக் தம்பதிக்குக் கிடைத்தது. 2011இல் மாட்சனுக்கும் எரிக்சனுக்கும் கிடைத்தது. இடையில் 56 ஆண்டுகள். இரண்டு ஜோடிகள், படகு ஒன்றே. முதல் ஜோடி விற்காமல் துறைமுகத்தில் கட்டியே வைத்திருந்தால், மரம் உளுத்திருக்கும். இந்த இரண்டாவது வாழ்க்கை நடந்தே இருக்காது.

லின், லாரி பார்டி தம்பதியையும் பலர் அறிவார்கள். 1968இல் நீரில் இறங்கிய 24 அடி ‘செராஃபின்’, 1983இல் இறங்கிய ஏறத்தாழ 30 அடி ‘டாலிசின்’ இரண்டையும் தங்கள் கையால் கட்டினார்கள். இரண்டிலும் இன்ஜின் கிடையாது, காற்றை மட்டும் நம்பி உலகைச் சுற்றினார்கள். சொந்தக் கையால் இழைத்த அந்தப் படகுகளும் பின்னால் வேறு கைகளுக்குப் போயின. 2020இல் லாரி மறைந்தார். படகுகள் மிஞ்சின.

படகை விற்பதும் ஒரு நாள் வேலை இல்லை. வாங்குகிறவர் ஒரு சர்வேயரை அழைத்து வருவார். அவர் சின்னச் சுத்தியலால் அடிப்பாகத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். கணீரென்று ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே நீர் இறங்கியிருக்கலாம். பிறகு கடலில் ஓட்டிப் பார்ப்பார்கள். தரகருக்குக் கமிஷன் உண்டு. பத்திரம், வரி, பதிவு எல்லாம் உண்டு. ஆனால் எந்தப் பத்திரத்திலும் ஏறாத ஒன்று இருக்கிறது. எந்த வால்வைச் சற்று அழுத்தித் திருப்ப வேண்டும், எந்தக் காற்றில் படகு முரண்டு பிடிக்கும், மழையில் எந்த ஜன்னல் ஒழுகும் என்பதெல்லாம் பழையவர்களின் விரல் நுனியில்தான் இருக்கிறது. நல்ல தம்பதிகள் அதையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். புதியவர்களோடு சில நாள் உடன் ஓடிச் சொல்லித் தருகிறார்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போது விற்றால்தான் இதெல்லாம் நடக்கும். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து விற்கிறவரால் சாவியை மட்டும்தான் கொடுக்க முடியும்.

இப்படி உடன் ஓடிக் கைமாற்றுவதை நம்மவர்கள் ஒருமுறை பெரிய அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட பாய்க்கப்பல் ‘அன்னபூரணி’. முன்பு சிறு படகில் உலகைச் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கினார். விற்றதோடு முடிந்தது என்று நம்மவர்கள் கரையில் நின்றுவிடவில்லை. வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் உடன் ஓடி, அதை அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுசென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பெயர் மாறியது, கொடி மாறியது. கட்டியவர்களின் பெருமை இன்றுவரை மாறவில்லை. அன்னபூரணி இன்னமும் வல்வெட்டித்துறையின் கப்பல்தான்.

வாசகர்களே, உங்களில் படகு வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே இருப்பீர்கள். ஆனால் தானே வளர்த்த கடை, தானே உழுத நிலம், தானே கட்டிய அச்சகம், தானே நடத்திய பள்ளி என்று ஏதோ ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்களை நான் நிறையச் சந்திக்கிறேன். அவர்கள் பிடிப்பது பேராசையால் இல்லை. அதை விட்டால் நான் யார் என்ற பயம்தான். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதைக் கேலி செய்யும் பிள்ளைகளிடம் கோபம்கூட வருகிறது. இருந்தாலும் அந்தப் பெரியவர்களிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். எரிக்கும் சூசனும் வாண்டரர் 3ஐ விற்ற பிறகும், உலகம் அவர்களை மறந்துவிடவில்லை. நீங்கள் செய்தது உங்களோடுதான் இருக்கும். பொருள் மட்டும் வேலை செய்யக்கூடிய கைக்குப் போகட்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. “அப்பா, அதை வித்துடுங்க” என்று தொலைபேசியில் சொல்வது எளிது. போய் அருகில் உட்காருங்கள். எந்த வால்வை அழுத்தித் திருப்ப வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்க ஒரு ஆள் இருந்தால், கொடுக்க மனம் வரும்.

உங்கள் வீட்டில், உங்கள் ஊரில், கைமாறிய ஏதாவது ஒன்றின் கதை இருந்தால் எழுதி அனுப்புங்கள். கொடுத்தவரும் எழுதலாம், வாங்கியவரும் எழுதலாம். அடுத்த இதழில் அவற்றுக்குத் தனிப் பக்கங்கள் ஒதுக்குகிறோம். முடிவெடுக்கும் நிலையில் இருப்பவர்கள், தம்பதிகளாக உட்கார்ந்து முதலில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பருவம் எப்போது முடிகிறது என்பதை நீங்கள் இருவர்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
ஆசிரியர்