கம்பெனி ரேடியோவைக் கழற்றாதீர்கள்

காருக்குப் பத்து வயதாகி ரேடியோ மக்கர் செய்தால், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் சரி, சின்ன ஊர் ஆக்ஸசரீஸ் கடையிலும் சரி, ஒரே பதில்தான் கிடைக்கிறது: “கம்பெனி செட்டெல்லாம் ரிப்பேர் ஆகாது சார், ஆண்ட்ராய்டு போட்டுடலாம்.” கூடவே வரும் காரணங்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தால் பெரும்பாலானவை நிற்பதில்லை.

ரிப்பேர் ஆகாது என்பது முதல் காரணம். மேடு பள்ளத்தில் பாட்டு விட்டுவிட்டு வருகிறதா? டேஷ்போர்டில் தட்டினால் ஊமையான ஸ்பீக்கர் பேசுகிறதா? பெரும்பாலும் அது ட்ரை சோல்டர். வருடக்கணக்கில் அதிர்ந்தும், வெயிலில் நின்ற வண்டிக்குள் காய்ந்து ஆறியும், போர்டில் கனமான பாகங்களின் கால்களைச் சுற்றி ஈயம் விரிசல் விட்டிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு கறுத்த வளையம் தெரியும். அங்கே சூடு காட்டிப் புது ஈயம் வைத்தால் சரியாகிவிடும். உறுமலும் கரகரப்பும் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்டென்சரை, உள்ளே உலர்ந்துபோயிருக்கும். விலை சில ரூபாய். ஒலியே வராவிட்டால் ஃபியூஸ், அடுத்து ஆம்ப்ளிஃபையர் ஐசி. டிடிஏ 7388 போன்ற ஐசிகளைச் சென்னை ரிச்சி தெருவில் தனியாகவே வாங்கலாம். டிவி, ஆம்ப்ளிஃபையர் பார்க்கும் நல்ல மெக்கானிக்குக்கு இது பழகிய வேலை.

பேட்டரி மாற்றியதும் திரையில் ‘கோட்’ என்று வந்தால் செட் போய்விட்டது என்கிறார்கள். அது திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு. எண், வண்டியோடு தந்த புத்தகத்தில் அட்டையாக இருக்கலாம். இல்லாவிட்டால் செட்டின் சீரியல் எண்ணைக் கொண்டு டீலரிடம் கேட்டுப் பெறலாம். வாய்க்கு வந்த எண்களை மட்டும் அழுத்திப் பார்க்காதீர்கள். சில தடவை தப்பானால் செட் தன்னைப் பூட்டிக்கொள்ளும்.

“இது 4×50 வாட் சார்” என்ற பேச்சை நம்பும் முன், செட்டின் பின்னால் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்றால், 14 வோல்ட்டில் உள்ளே போவதே 140 வாட்தான். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். அப்புறம் 200 வாட் தொடர்ந்து எப்படி வெளியே வரும்? ஒரு சேனலுக்கு உண்மையில் கிடைப்பது சுமார் 20 வாட். பழைய செட்டும் அநேகமாக அதைத்தான் தருகிறது. ஒலி மங்கியிருந்தால் கிழிந்த ஸ்பீக்கரை மாற்றுங்கள்; வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

மாற்றுவது அரை மணி நேர வேலை என்பதுதான் எனக்கு மிகவும் கோபம் தருவது. அரை மணியில் முடிவது எப்படி என்றால், கம்பெனி கப்ளரை வெட்டி, வயர்களை முறுக்கி, டேப் சுற்றுவதால். புது செட்டில் மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும், நினைவைக் காக்க. சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும். இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால், நிறுத்திய வண்டியிலும் செட் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். சில நாள் கழித்துச் சாவி போட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது. ஸ்பீக்கரின் மைனஸ் வயர்களைப் பாடியில் எர்த் செய்தால் ஐசி எரிந்துபோகலாம். வெட்டின கப்ளரை யாரும் திரும்ப ஒட்டித் தருவதில்லை.

புளூடூத் இல்லை என்பது நியாயமான குறை. ஆனால் பல செட்டுகளுக்குப் பின்னால் சிடி சேஞ்சருக்கான துவாரம் சும்மா கிடக்கிறது. அதில் பொருந்தும் புளூடூத் அடாப்டர்கள் சில மாடல்களுக்கு உண்டு. கேசட் செட் என்றால் கேசட் வடிவ அடாப்டரே போதும்.

திரை செத்து, மாற்றுப் பாகமும் கிடைக்காத செட்டை மாற்றத்தான் வேண்டும். அதற்கும் முன் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் அதே மாடல் செட் இருக்கிறதா என்று விசாரியுங்கள். புதிதுதான் வாங்க வேண்டும் என்றாலும், அந்த மாடலுக்கான அடாப்டர் கப்ளரைக் காசு கொடுத்து வாங்கி, ஒரு வயரும் வெட்டாமல் மாட்டித் தரும் கடையாகப் பார்த்துக் கொடுங்கள்.