பத்துக் காசு குறைச்சல்



காட்டை அழித்து ரப்பர் நட்ட நம் முன்னோர்களைப் பற்றி மேடையில் பேசக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் ஆண்களின் வீரமாகத்தான் பேசுவார்கள். பேசட்டும், பொய்யில்லை. ஆனால் வளர்ந்த மரத்தில் உளி பிடித்த கைகளில் பலவும் வளையல் போட்ட கைகள் அல்லவா?

1910-ல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. பிறகு கங்காணியின் பேச்சை நம்பிக் குடும்பமாக வந்தவர்கள் பெருகினார்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறினார்கள். பினாங்கு வழி வந்தவர்கள் ஜெரெஜாக் தீவு முகாமில் நாள் எண்ணிக் கிடந்துவிட்டுத்தான் தோட்டத்து லயத்தைக் கண்டார்கள்.

அந்தப் பெண்ணின் நாள் எப்படிப் போயிற்று தெரியுமா? விடியுமுன் அடுப்பை மூட்ட வேண்டும். பிள்ளையை ஆயா கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட வேண்டும். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதால் இருட்டோடு வெட்டு. கோட்டுப்பாலை உருவி, பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், தண்டலிடம் ஏச்சு. பிறகு மங்கு மங்காகப் பாலெடுத்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடை. வீடு திரும்பினால் தண்ணீர், விறகு, சோறு, துணி. இந்த இரண்டாவது வேலைக்கு எந்தச் செக்ரோலிலும் பேர் விழுந்ததில்லை.

சரி, பேர் விழுந்த வேலைக்காவது சமமான கூலி கிடைத்ததா? 1928-ல் அரசாங்கம் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஸ்டோரில் பாலை நிறுக்கும்போது ஆண்பால், பெண்பால் என்று யாரும் பிரித்து ஊற்றவில்லை. சம்பளத்தில் மட்டும் பிரித்தார்கள்!

பத்துக் காசுதானே என்று நினைக்காதீர்கள். மாதம் 26 நாள் பேர் விழுந்தால் ஆணுக்கு 13 வெள்ளி, பெண்ணுக்கு 10 வெள்ளி 40 காசு. குறைந்தது 2 வெள்ளி 60 காசு. அதாவது, அவள் ஆறரை நாள் பாடுபட்டால் கிடைக்கும் கூலி. கணவனை இழந்து, பிள்ளைகளோடு தனியாக நின்றவளை நினைத்துப் பாருங்கள். கடையில் அவளுக்கென்று அரிசி விலை குறையவில்லையே!

1930-ல் ரப்பர் விலை சரிந்தது. கூலி 40 காசாகவும் 32 காசாகவும் இறங்கியது. வேலையில்லாமல் ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திரும்பினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன்பும் ஆணின் ஐந்துக்குப் பெண்ணுக்கு நாலு, இப்போதும் ஐந்துக்கு நாலு. நல்ல காலம் போய்ப் பஞ்ச காலம் வந்தும் அந்த அளவுகோலை யாரும் தொடவில்லை.

உங்கள் வீட்டுக் கொள்ளுப்பாட்டி எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார், என்ன கூலி வாங்கினார்? தெரிந்த பெரியவர்கள் இருந்தால் இன்றே கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். பல வீடுகளில் தாத்தாவின் பெயர்தான் நினைவில் இருக்கிறது.