ஃபைபர் வந்தாச்சு... அடுத்த மழையை நெட் தாங்குமா?

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கரண்ட் இல்லை, பல ஊர்களில் செல்போன் சிக்னலும் இல்லை. ஊரில் இருப்பவர்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாமல் வெளியூரில் இருந்தவர்கள் தவித்தார்கள். அதனால் தாமிரபரணிக் கரையில் 'கேபிள் நெட்டா, ஃபைபரா?' என்பது வெறும் ஸ்பீடு கணக்கு இல்லை.

என்ன வித்தியாசம்?

கேபிள் நெட், செம்புக் கம்பியில் மின் சிக்னலாக வருகிறது. தூரம் கூடக் கூட சிக்னல் குறையும். அதனால் தெருவில் ஆங்காங்கே ஆம்ப்ளிஃபையர் வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும். உங்க வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும், தெருமுனைப் பெட்டிக்கு பேக்கப் இல்லைன்னா நெட் அவுட். ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினாலும் சிக்கல்தான்.

ஃபைபரில் வருவது ஒளி. கண்ணாடி இழைக்கு ஈரமும் மின்னலும் அவ்வளவாகப் பிரச்னை இல்லை. வழியில் உள்ள ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. சுமார் 20 கி.மீ. வரை சிக்னல் போகும். நம்பகத்தன்மையில் ஃபைபருக்கே முதல் இடம்.

அப்போ ஃபைபர் போட்டா போதுமா?

போதாது. செம்புக் கம்பி அறுந்தால் உள்ளூர் கேபிள்காரரே கனெக்டர் மாட்டிச் சரிசெய்துவிடுவார். ஃபைபர் அறுந்தால் ஸ்பிளைசிங் மெஷினும், அதைத் தெரிந்த ஆளும் வர வேண்டும். பாலம் அடித்துப்போனாலோ, ரோட்டு வேலையில் ஜேசிபி இழுத்தாலோ ஊரே ஆஃப்லைன்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. பாரத்நெட் திட்டத்தில் அவற்றுக்கு ஃபைபர் கொண்டுபோகும் பொறுப்பு டான்ஃபிநெட் நிறுவனத்திடம் உள்ளது. எத்தனை கி.மீ. கேபிள் போட்டோம் என்ற கணக்கு மட்டும் பத்தாது. ஒரு வழி அறுந்தால் மாற்று வழி உண்டா, அறுந்ததை எத்தனை மணி நேரத்தில் ஒட்டுவார்கள் என்பதையும் ஊராட்சிவாரியாகச் சொல்ல வேண்டும்.

கனெக்‌ஷன் வாங்கும் முன் நீங்களும் மூன்று கேள்வி கேளுங்க: கரண்ட் போனால் உங்க எக்ஸ்சேஞ்சில் எத்தனை மணி நேர பேக்கப்? ஸ்பிளைசிங் ஆள் எந்த ஊரில் இருக்கார்? லைன் எந்தப் பாலம் வழியா வருது? இதற்குப் பதில் வராவிட்டால், விளம்பரத்தில் உள்ள எம்பிபிஎஸ் மழைக்காலத்தில் உதவாது.