காதுக்கு வந்த தத்துவம் கழனிக்கு வருவது எந்நாள்?

தத்துவம்! அந்தச் சொல் காதில் விழுந்ததும் தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்கப் பழக்கப்பட்டவன் நம் நாட்டு உழவன். அறிவுக்கு அவன் காட்டிய மரியாதை அன்று அது. தலைமுறை தலைமுறையாக அவனுக்கு ஊட்டப்பட்ட அச்சம்! தத்துவத்தை மடத்திலே வைத்துப் பூட்டினர். வடமொழியிலே வைத்துப் பூட்டினர். காலம் மாறிற்று, ஆங்கிலத்திலே வைத்துப் பூட்டினர். பூட்டுகள் மாறின, வெளியே நிற்பவன் மட்டும் மாறவில்லை.

உலகம் அந்தப் பூட்டை உடைக்கும் வேலையில் இறங்கி ஆண்டுகள் பல ஆகின்றன. 1948-இல் பி.பி.சி. வானொலியில் இருவர் அமர்ந்து பேசினர். ஒருவர் பெர்ட்ரண்ட் ரசல். மற்றவர் கோப்பிள்ஸ்டன் என்னும் பாதிரியார். பேசிய பொருள், கடவுள் உண்டா என்பது. கல்லூரி மண்டபத்திலே அன்று, கேட்கும் கருவி இருந்த வீடுதோறும் அந்த வாதம் நடைபெற்றது! 2007-இல் டேவிட் எட்மண்ட்ஸ், நைஜல் வார்பர்ட்டன் என்னும் இரு தத்துவ அறிஞர்கள், கால் மணி நேர அளவில் ஒரு சிந்தனையாளரை அழைத்து, ஒரே ஒரு கேள்வியைப் பேசி, அதை இணையவழியே எவரும் கேட்க அனுப்பத் தொடங்கினர். 2010-இல் பேராசிரியர் பீட்டர் ஆடம்சன் தத்துவத்தின் வரலாற்றையே இடைவெளியின்றிச் சொல்லத் தொடங்கினார். பின்னர் ஜொனார்டன் கனேரி என்னும் அறிஞரோடு சேர்ந்து இந்தியத் தத்துவங்களையும், உலோகாயதம் உட்பட, பேசினார். பாட்காஸ்ட் என்கின்றனர் இதை. வலையொலி என்று நாம் தமிழில் அழைக்கின்றோம். நுழைவுத் தேர்வு இல்லை, கட்டணம் இல்லை, ‘நீ எந்தக் குலம்?’ என்று கேட்க வாயிற்காவலன் இல்லை. காது ஒன்று போதும்!

மேனாட்டார்க்கு இது புதுமையாக இருக்கலாம். காவிரிக் கரைக்கு இது பழமை! கடல் கொண்ட பூம்புகாரை நினைத்துப் பாருங்கள். இந்திர விழா இருபத்தெட்டு நாள். யானையின் மீது முரசேற்றி வள்ளுவன் நகருக்கு அறிவிக்கிறான். கொடி கட்டுக, தெருவை அலங்கரிக்க என்பதோடு அவன் நிறுத்தவில்லை. தத்தம் சமயத்தின் உண்மையை எடுத்துரைக்க வல்லோர் பட்டிமண்டபம் ஏறுக என்கிறான்; பகைவரோடாயினும் சினமும் பூசலும் வேண்டா என்கிறான். திருவிழாவின் நிகழ்ச்சி நிரலிலே தத்துவ வாதத்துக்கு இடம்! இதை நமக்குச் சொல்வது மணிமேகலை. அதைப் பாடியவர் சீத்தலைச் சாத்தனார். மரபு அவரைக் கூலவாணிகன் என்கிறது. தானியம் அளந்த கையே தத்துவத்தையும் அளந்தது!

அந்தக் காப்பியம் வஞ்சி நகரிலே அளவைவாதி முதல் பூதவாதி வரை பலரை வரிசையாகப் பேச வைக்கிறது. காப்பியம் பௌத்தம், வினைப்பயனையும் மறுபிறப்பையும் ஏற்பது, நாம் ஏற்காதவை அவை. பூதவாதியோ, கண்ணால் காண்பதே சான்று, உடலுக்கு அப்பால் உயிர் இல்லை என்பவன். அவனுடைய வாயைச் சாத்தனார் கட்டவில்லை! பேசவிட்டார், பிறகே மறுத்தார். கண்டதை மட்டுமே நம்புவேன் என்கிறாயே, உன் தாய் தந்தையரை இன்னார் என்று கருதி அறிவதன்றி வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை அவனை மடக்குகிறாள். நம் பக்கத்து ஆள் மடக்கப்படுகிறான். ஆயினும் நாம் அந்தப் புலவரைப் போற்றுவோம். எதிரியைப் பேசவிட்டு, காரணம் காட்டி மறுப்பதற்குப் பெயர்தான் தத்துவம். பேசாமல் அடக்குவதற்குப் பெயர் ஆதிக்கம்.

ஆனால் அதே காப்பியத்தில் ஓர் உறுத்தும் உண்மை உண்டு. அந்த வாதிகளிடம் சென்று கேட்க மணிமேகலை தன் உருவிலே போக முடியவில்லை. இளம்பெண் என்று கண்டால் எவரும் மெய்ப்பொருள் உரைக்கமாட்டார்களாம்! ஆகவே தவசியின் வேற்றுருக் கொண்டு சென்றாள். ஆணாகத் தோன்றினால்தான் அறிவு காதில் விழும் என்ற நிலை. பெண்ணுக்கு அது, பள்ளனுக்கும் பறையனுக்கும்? எந்த வேடம் போட்டாலும் வழியில்லை!

வழி அடைக்கப்பட்டதற்குக் கல்வெட்டே சாட்சி. முதலாம் இராசேந்திரன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் நெல்லளந்து நடந்தது ஒரு கல்லூரி. வேதம், இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் அங்கே ஓதப்பட்டன. நெல்லை விளைத்தவன் எவன்? ஓதியவன் எவன்? சேறு ஒருவனுக்கு, சித்தாந்தம் இன்னொருவனுக்கு! உழுதவன் காதுக்குக் கிடைத்தது பிற்காலத்துக் கதாகாலட்சேபம். அதிலே ஒருவர் சொல்வார், மற்றவர் கேட்பார். குறுக்கே ஒரு கேள்வி எழுப்பினால் அபசாரம்!

தமிழோ இந்தச் சூழ்ச்சிக்கு இணங்காத மொழி. ‘கேள்’ என்றால் செவிகொடு என்றும் பொருள். வினவு என்றும் பொருள். கல்வியையும் கல்லாமையையும் பேசிய வள்ளுவர் அடுத்துக் கேள்வியை வைத்தார். அதற்கடுத்தே அறிவுடைமையை வைத்தார். செவிகொடுப்பதையும் வினவுவதையும் ஒரே சொல்லில் வைத்த இனத்திடம், முன்னதை மட்டும் விட்டுவைத்துப் பின்னதைப் பறித்துக்கொண்டனர்.

பறித்ததன் விளைவு ஏட்டோடு நின்றதா? தஞ்சைத் தரணியின் பண்ணைகளைக் கேளுங்கள். சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்த பண்ணைகள் அவை. பண்ணையாளைக் காக்கச் சட்டம் வரவே 1952 ஆயிற்று. அத்தனை காலம் அந்தக் கொடுமையைக் காத்து நின்றது சாட்டை மட்டுமா? சாட்டைக்குக் கை வலிக்கும், ஓய்வு வேண்டும். ஓயாமல் காவல் காத்தது ஒரு தத்துவம்! ‘முற்பிறப்பில் செய்த வினை, இப்பிறப்பில் அனுபவிக்கிறாய்’ என்ற தத்துவம்! கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் என்று கேட்டவர்கள் வாழ்ந்த ஊர் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. கேட்பது குற்றம் என்று கருதும் மனத்துக்கு எத்தனை நூற்றாண்டுப் பயிற்சி தேவைப்பட்டிருக்கும்! தத்துவம் பயனற்ற வெறும் பேச்சு என்போர் இதற்கு விடை சொல்லட்டும்.

இந்தத் தத்துவத்தை எதிர்க்கப் பட்டம் பெற்றோர் வரவில்லை, படிப்பகங்கள் வந்தன. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படித்தார். பத்துப் பேர் கேட்டனர். கேட்ட பத்துப் பேரும் வாதிட்டனர். ரசலும் இங்கர்சாலும் தமிழிலே வந்தனர். பெரியார், நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதே, உன் அறிவைக் கொண்டு எண்ணிப்பார் என்றார். திருக்குவளையில் பிறந்த கலைஞரின் எழுதுகோல், 1956-இல் வெளிவந்த ‘ராஜா ராணி’ படத்தில் ஏதென்ஸ் நகரத்துச் சாக்ரடீசைக் கொட்டகைக்கு அழைத்து வந்தது. தரை டிக்கெட்டில் அமர்ந்தவனும் நஞ்சுக் கோப்பையின் பொருளைத் தெரிந்துகொண்டான்! அந்தச் சாக்ரடீசும் ஏடு எழுதியவர் அல்லர். அங்காடியிலே நின்று பேசியவர், வினவியவர்.

காதின் வழியே அறிவு பரவும் என்பதற்கு இந்த மண்ணிலேயே இன்னொரு சான்று உண்டு. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல்லைத் தந்தது. திருச்சி வானொலி அதைப்பற்றி உழவர்களுக்கு எடுத்துச் சொல்லிற்று. விதைக்கும் பருவம், உரத்தின் அளவு, பூச்சிக்கு மருந்து ஆகியவை காற்றின் வழியே வந்தன. அந்த நெல்லுக்குத் தஞ்சை மக்கள் வைத்த பெயரே ‘ரேடியோ நெல்’! விஞ்ஞானி தன் மேசையை விட்டு இறங்கி உழவனின் மொழியில் பேசினார். உழவன் காதால் கேட்டதைக் கழனியில் விதைத்தான். மரபணுக் கலப்பில் பிறந்த நெல்லைக் காதால் கேட்டுப் புரிந்துகொண்டவனுக்குத் தத்துவம் மட்டும் புரியாதா?

புரியாது என்பவர்கள் மூன்று காரணம் சொல்கின்றனர். பேச்சில் ஆழம் போய்விடும் என்பது ஒன்று. தமிழில் சொல் இல்லை என்பது மற்றொன்று. மக்கள் கேட்கமாட்டார்கள் என்பது மூன்றாவது.

ஆழமா? பிளேட்டோ எழுதியவை பெரும்பாலும் உரையாடல்கள்தாம். அவற்றில் ஆழமில்லை என்று எந்தப் பேராசிரியரும் சொல்லத் துணியார். சொல்லா? காட்சி, கருதல், உரை என்று அறிவின் அளவைகளைத் தமிழ் என்றோ பெயரிட்டு வைத்திருக்கிறது. மக்கள் கேட்கமாட்டார்களா? இப்படிப் பேசிப் பாருங்கள்:

“நான் ஏழையாக இருப்பது போன பிறவியின் வினை.”

“அந்தப் பிறவியைக் கண்டாயா?”

“இல்லை.”

“பின் எதைக்கொண்டு கருதினாய்?”

“ஏழையாக இருப்பதைக்கொண்டே.”

“புகையைக் கண்டு நெருப்பைக் கருதலாம், இரண்டையும் ஒன்றாகக் கண்ட பழக்கம் உண்டு. வினையையும் வறுமையையும் ஒன்றாக எங்கே கண்டாய்? நீ உழும் நிலம் எவர் பெயரில் இருக்கிறது? உன் பாட்டன் காலத்தில் எவர் பெயரில் இருந்தது?”

ஆறு வரிதான். அளவையியல் இருக்கிறது, காரணகாரிய ஆராய்ச்சி இருக்கிறது, தஞ்சை நிலவுடைமையின் வரலாறும் இருக்கிறது. இதைக் கேட்க மறுப்பானா உழவன்? கேட்டுவிடுவானே என்ற அச்சம் உழவனுக்கு அன்று, வேறு சிலருக்கு!

இன்று நடவு வயலில் நிற்கும் பெண்ணின் மடியிலே கைப்பேசி இருக்கிறது. கைகள் சேற்றில், கண்கள் நாற்றில், காதுகள் மட்டும் விடுதலையாக இருக்கின்றன. அந்தக் காதுகளுக்குள் நுழைவது யார்? காலையில் ராசிபலன்காரர், நண்பகலில் குருப்பெயர்ச்சிக்காரர், மாலையில் பரிகாரக்காரர்! அவர்கள் எவரும் கருவியைக் கண்டு அஞ்சவில்லை. எளிய தமிழைக் கண்டு நாணவில்லை. மூடத்தனம் விடியற்காலையிலேயே கடை திறக்கிறது. மெய்யியலோ ஆண்டுக்கொரு கருத்தரங்கில், குளிரூட்டிய அறையில், நாற்பது பேருக்கு முன்னால், ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டு உறங்கிவிடுகிறது.

பட்டிமண்டபம் பிறந்த நாட்டிலே இன்றைய பட்டிமன்றம் என்ன ஆயிற்று? மாமியாரா மருமகளா என்று கேட்டுச் சிரிக்க வைத்து, நடுவர் தீர்ப்புச் சொல்லிக் கலைந்துபோகிறது. சிரிப்பு வேண்டா என்பவர் அல்லர் நாம். ஆனால் சிரித்து முடித்தபின் சிந்திக்க ஒன்று மிஞ்சவேண்டாமா?

தமிழுக்கென்றே 1981-இல் தஞ்சையில் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. கொள்ளிடத்துக்கு அப்பால் சிதம்பரத்தில் 1929 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. வடமொழிக்கே உரியதாக இருந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழுக்கும் இடம் வேண்டும் என்று ஏ.டி. பன்னீர்செல்வமும் கரந்தை உமாமகேசுவரனாரும் போராடி வென்ற மண் இது. அவர்கள் திறந்துவைத்த கதவின் வழியே உள்ளே சென்று அமர்ந்தவர்கள், இன்று வெளியே வந்து பேசவேண்டும் என்று கேட்கிறோம். இருவராக அமருங்கள். ஒருவர் சொல்லட்டும், மற்றவர் மறுக்கட்டும். நடவாளையும் நெல் அரைவை ஆலைத் தொழிலாளியையும் அழைத்து அமர்த்துங்கள், அவர்கள் வினவட்டும். வினை என்பது யாது, விதி என்பது யாது, சான்று என்பது யாது என்று தொடங்குங்கள். பூதவாதியையும் பேசவிடுங்கள், அவனை மறுப்பவரையும் பேசவிடுங்கள். நாம் சொல்வதை மறுக்கவும் இடம் வையுங்கள். அஞ்சுபவர் அல்லர் நாம்.

பேராசிரியர் வரத் தயங்கினால், இளைஞர்களே, நீங்கள் தொடங்குங்கள்! படிப்பகத்துக்குப் பட்டமா கேட்டார்கள் உங்கள் பாட்டன்மார்? ஊருக்கு ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கைப்பேசி, முதலீடு அவ்வளவே. ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள்: ஒருவரே பேசி முடிக்கும் இடமாக அதை ஆக்கிவிடாதீர்கள். மறுகேள்வி எழாத பேச்சு எந்தக் கருவியில் வந்தாலும் காலட்சேபந்தான்.

அன்று மணிமேகலைக்கு வேற்றுரு தேவைப்பட்டது. இன்று காவிரிக் கரையில் நாற்று நடும் அவள் தங்கை, சேறு படிந்த சேலையோடு, தன் பெயரோடு, தன் குரலோடு ‘ஏன்?’ என்று கேட்கட்டும். விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் வாய் திறக்கட்டும்!