குருத்தோலையும் சாம்பலும்

கிறிஸ்தவ அன்பர்கள் தவக்காலம் என்றும் லெந்து நாட்கள் என்றும் வழங்கும் நோன்புக் காலம் சாம்பற் புதனன்று தொடங்குகிறது. அன்று முதல் உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய நாள் வரை எண்ணினால் 46 நாட்கள். இடையே வரும் ஞாயிறுகள் ஆறையும் நீக்கினால் நோன்பு நாட்கள் 40 ஆகும். மார்கழி நோன்பையும் ரமலான் நோன்பையும் அறிந்த நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நோன்பின் நோக்கத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இந்நோன்பின் வாயிலிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

கத்தோலிக்க ஆலயங்களில் அன்று நெற்றியில் இடப்படும் சாம்பல் எங்கிருந்து வருகிறது? சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று மக்கள் உயர்த்திப் பிடித்துப் பாடி வந்த ஓலைகளை எரித்தே அதனை எடுப்பது மரபு. வீட்டில் படங்களின் பின்னே செருகி வைத்த ஓலைகள் உலர்ந்து கோயிலுக்குத் திரும்புகின்றன. சென்ற ஆண்டின் உற்சாகமே இவ்வாண்டின் சாம்பல். மனித உறுதியின் ஆயுள் அவ்வளவுதான்.

திருச்சபையும் நம் வலிமையை மிகையாக மதிப்பதில்லை. 1983-ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, சாம்பற் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரு நாட்களிலேயே உணவு நோன்பைக் கடமையாக்குகிறது. அதுவும் 18 வயது நிரம்பியோர் முதல் 59 வயது நிரம்பாதோர் வரைக்குமே. உடலின் தளர்ச்சிக்கு இவ்வாறு இடமுண்டு. உள்ளத்தின் தளர்ச்சிக்கு இடமுண்டோ?

ஓராண்டு, 40 நாளும் எவரையும் சினந்து பேசுவதில்லை என்று உறுதி பூண்டேன். ஆறாம் நாள் அது முறிந்தது. ஊரிலிருந்து வந்து எம்முடன் தங்கியிருந்த என் அன்னைக்கு இந்நகரத்து மொழி தெரியாது; நினைவும் தளர்ந்திருந்தது. அலுவலகத்திலிருந்து களைத்து வந்த என்னிடம், “தம்பியிடமிருந்து சேதி வந்ததா?” என்று நான்கு முறை கேட்டார். ஐந்தாம் முறை கேட்டபோது கத்திவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எனக்குச் சோறு எடுத்து வைத்தார்.

அவ்வார வெள்ளியன்று சிலுவைப் பாதை வழிபாட்டுக்குச் செல்ல எனக்கு மனமில்லை. நோன்பைக் காவாதவன் எந்த முகத்தோடு கோயிலில் நிற்பது என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். அன்னையோ சேலை மாற்றி, செபமாலையும் கையுமாக வாயிலில் நின்றார். “கோயிலுக்கு நேரமாகுதே ஐயா, புறப்படலையா?” என்றார். என் கடுஞ்சொல்லை மறந்தாரோ, மன்னித்தாரோ, அறியேன். இருவரும் சென்றோம்.

வழியில் பேதுருவின் வரலாறு நினைவுக்கு வந்தது. கத்தோலிக்கர் முன்னாளில் இராயப்பர் என்று வழங்கிய அதே சீடர் அவர். எல்லோரும் கைவிட்டாலும் தாம் கைவிடுவதில்லை என்று சூளுரைத்தவர், அன்றிரவே தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு, இயேசுவை அறியேன் என்று மும்முறை மறுத்தார். அம்மறுப்பை இயேசு முன்னரே அறிந்திருந்தார். அவருடைய விசுவாசம் ஒழியாதிருக்க வேண்டியுமிருந்தார் என்கிறது லூக்கா நற்செய்தி. உயிர்த்தெழுந்தபின் திபேரியாக் கடற்கரையில் மீண்டும் ஒரு கரிநெருப்பு, அதன்மேல் மீன். அங்கே, ஏன் மறுத்தாய் என்று இயேசு கேட்கவில்லை. தம்மேல் அன்புண்டா என்று மும்முறை கேட்டார். தம் மந்தையை அவரிடமே ஒப்படைத்தார் என்கிறது யோவான் நற்செய்தி.

அன்பர்களே, தவறியதைச் சிறிதென்று சொல்லித் தேற்றிக்கொள்வது நம்பிக்கை அன்று. தவறிவிட்டேனே என்று வெட்கி ஒதுங்குவதும் பணிவு அன்று. அது செருக்கின் மற்றொரு முகம். நாம் தளர்வோம் என்று அறிந்தே அழைத்தவரிடம், தளர்ந்த நிலையிலேயே செல்லலாம். ஆனால் போகும் வழியில், நம்மால் புண்பட்டவரிடம் பொறுத்தருளக் கேட்டே செல்ல வேண்டும்.

அன்றிரவு அன்னையிடம் மன்னிப்புக் கேட்டேன். “எதுக்கு ஐயா?” என்று வியந்தார். சற்று நேரம் கழித்து, “தம்பியிடமிருந்து சேதி வந்ததா?” என்றார். “இன்னும் வரலை அம்மா” என்றேன். மறுநாள் நோன்பை மீண்டும் தொடங்கினேன்.

வரும் குருத்து ஞாயிறன்றும் ஓலை ஏந்துவோம். அது சாம்பலாகும் என்று அறிந்தே ஏந்துவோம்.