பெண்ணுக்குக் கணக்கு வராதா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. தென்காசிக் கோபுர வாசலில் காற்று நம் மேல்வேஷ்டியைப் பிடுங்கப் பார்க்கிறது. ஊரெல்லாம் அருவியைத் தேடி ஓடும் இந்த வைகாசிக் கடைசியில், உபாத்தியாயராகிய நம் வீட்டுத் திண்ணையைத் தேடியும் சிலர் வருகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறிய குழந்தைகளை மேலே எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று யோசனை கேட்கத்தான்.

சென்ற வாரம் வந்த நண்பருக்கு இரட்டைக் குழந்தைகள். ஒரு பெண், ஒரு பிள்ளை. கணக்கில் பெண்ணுக்கு 94 மார்க்கு; பிள்ளைக்கு 68. பிள்ளையைக் கணிதப் பிரிவிலும், பெண்ணை வணிகப் பிரிவிலும் சேர்க்கப் போவதாகச் சொன்னார். காரணம் கேட்டோம்.

"பையனுக்கு மூளை உண்டு, ஸார், உழைக்கவில்லை. அவளோ விழுந்து விழுந்து படித்து வாங்கிவிட்டாள்" என்றார்.

என்ன விசித்திரமான கணக்கு! குறைந்த மார்க்கு மூளைக்குச் சாட்சி. நிறைந்த மார்க்கு மூளையின்மைக்குச் சாட்சி!

"உன் அபிப்பிராயம் என்ன, அம்மா?" என்று பெண்ணைக் கேட்டோம்.

"கணக்குப் பிடிக்கும், ஸார். ஆனால் எனக்கு வராது" என்றாள்.

94 மார்க்கு வாங்கிய பெண் சொல்கிறாள்! அந்தப் பதிலைக் கேட்டது முதல் நமக்கு மன நிம்மதியில்லை.

இது ஒரு வீட்டுச் சங்கதி மட்டும் அன்று. 2008-ம் வருஷம் அமெரிக்காவில் ஜானட் ஹைடு என்னும் அம்மையாரும் அவருடைய சகாக்களும் 70 லட்சத்துக்கு மேற்பட்ட மாணாக்கர்களின் கணிதப் பரீட்சை முடிவுகளை ஆராய்ந்தார்கள். சராசரித் திறமையில் ஆண், பெண் என்ற பேதம் இல்லையென்றே முடிவு கண்டார்கள். ஆனால் 2012-ம் வருஷம் பல தேசங்களில் 15 வயதுக் குழந்தைகளுக்கு நடந்த 'பீஸா' சோதனையில், ஆண்களுக்குச் சமமாகக் கணக்குப் போட்ட பெண்களுக்குங்கூடத் தன்னம்பிக்கை குறைவாகவும், பயம் அதிகமாகவும் இருந்தது வெளிப்பட்டது. ஆகவே குறை மூளையில் இல்லை. காதில் விழுந்த சொல்லில் இருக்கிறது.

நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பல வருஷ காலம், கடினமான கணக்கு வந்தால் கரும்பலகைக்குப் பையனைக் கூப்பிட்டோம். நோட்டுப் புத்தகங்களை அடுக்கி வைக்கப் பெண்ணைக் கூப்பிட்டோம். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை; ஆயினும் வகுப்பு முழுவதும் அதைப் புரிந்துகொண்டது.

விடியற்காலையில் வாசலில் புள்ளி வைத்து, கோடு அறுபடாமல் சிக்குக் கோலம் போடும் கைக்கு வடிவ கணிதம் அந்நியமா? அந்தக் கோலங்களின் அமைப்பைக் கணித இலக்கணமாக வகுத்து 1974-ம் வருஷம் கட்டுரை வெளியிட்டவர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவர். அவர்களில் இருவர் பெண்மணிகள். தமிழ்நாட்டில் பிறந்த ராமன் பரிமளாவோ, 1994-ம் வருஷம் ஸூரிச் நகரில் கூடிய சர்வதேசக் கணித மகாநாட்டில் அழைப்பின்பேரில் சொற்பொழிவாற்றினார். தன் குழந்தைகளில் பாதிப் பேரின் புத்தியைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்கும் தேசம், எந்நாளும் நஷ்டக் கணக்கே எழுத நேரும்.

பெற்றோர்களுக்கு நம் விண்ணப்பம் ஒன்றுதான். பெண் நல்ல மார்க்கோடு வந்தால், "நன்றாக உழைத்தாய்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நன்றாக யோசித்தாய்" என்றும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளைக்கு அந்த வார்த்தை கேளாமலே கிடைக்கிறது.

நண்பர் "யோசிக்கிறேன், ஸார்" என்று சொல்லிக் குடும்பத்தோடு குற்றாலத்துக்குப் புறப்பட்டார். பள்ளியில் சேர்க்க இன்னும் நான்கு நாட்களே இருக்கின்றன. அருவி தலையில் விழும்போதாவது அந்த 94-ஐ அவர் நினைத்துப் பார்ப்பாராக!