பத்து மாத அட்வான்ஸ்: அவநம்பிக்கையின் விலை

சென்னையில் 15,000 ரூபாய் வாடகையில் ஒரு வீடு பிடிக்க, பல இடங்களில் முதலில் ஒன்றரை லட்சம் ரூபாய் எடுத்துவைக்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸ். சேமிப்பு இல்லாதவர் அதை இரண்டு வட்டிக்கு வாங்கினால், மாதம் 3,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். பேசிய வாடகை 15,000; கையை விட்டுப் போவது 18,000. அந்த 3,000 ரூபாய்க்கு ஓர் அறையோ ஒரு குடம் தண்ணீரோ கூடுதலாகக் கிடைப்பதில்லை. முன்பின் தெரியாதவரை நம்ப முடியாத சமூகம் வசூலிக்கும் வரி அது.

வீட்டுக்காரர்களைக் கொடுமைக்காரர்களாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓய்வூதியப் பணத்தில் மாடி கட்டி, அந்த வாடகையை நம்பி வாழ்பவர்கள் அவர்களில் ஏராளம். வாடகை பாக்கி வைப்பவர் காலி செய்ய மறுத்தால், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். குடியிருப்பவருக்கோ வேறு பயம்: பெயின்ட், ரிப்பேர் என்று எவ்வளவு பிடிப்பார்கள்? அடுத்த ஆள் அட்வான்ஸ் தரும்வரை நம் பணம் வருமா? இரண்டு பயங்களும் நியாயமானவை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்றது. ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால், இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு இல்லை. தலைக்கு மேல் கூரை தேடுபவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்?

பிலிப் அகியோன் உள்ளிட்ட நான்கு பொருளியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்று, சட்டங்கள் வந்தும் அவநம்பிக்கை தீராததை விளக்குகிறது. சக மனிதர்களை நம்பாத நாடுகளில் மக்கள் அரசின் கட்டுப்பாட்டைக் கூடுதலாகக் கேட்கிறார்கள். அந்த அரசில் ஊழல் மலிந்திருப்பது தெரிந்தே கேட்கிறார்கள். விதிகள் பெருகுகின்றன, நம்பிக்கை வளர்வதில்லை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நம் மக்கள் கண்டுபிடித்த பதில், 11 மாத ஒப்பந்தம்.

இழப்பு தனிமனிதரோடு நிற்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. விற்காதவை, வாரிசுத் தகராறில் சிக்கியவை எனக் காரணங்கள் பல உண்டு. ‘குடிவைத்தால் காலி செய்ய மாட்டார்கள்’ என்ற அச்சமும் அவற்றுள் ஒன்று. அதே நகரங்களில் அட்வான்ஸ் புரட்ட முடியாத தொழிலாளி வேலையிடத்திலிருந்து வெகுதொலைவில் குடியேறி, தினமும் பேருந்திலும் ரயிலிலும் மணிக்கணக்கில் நேரத்தைத் தொலைக்கிறார்.

இதைவிட எனக்கு வலிப்பது இன்னொன்று. சட்டத்தையும் அந்நியரையும் நம்பாதவர் யாரை நம்புவார்? தன் சாதியை. “சைவமா? எந்த ஊர்? என்ன ஆளுங்க?” என்ற கேள்விகள் புரோக்கரிடமிருந்தே தொடங்கிவிடுகின்றன. தலித்துகளும் இஸ்லாமியர்களும் பத்து மாத அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டே தெருத்தெருவாகத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். சாதிக்குள் சுருங்கும் நம்பிக்கையைச் சிலர் சமூக மூலதனம் என்று போற்றுகிறார்கள். வெளியே நிற்பவருக்கு அது சாத்தப்பட்ட கதவு.

இந்த அவநம்பிக்கையைக் குறைக்க வழி உண்டு. இங்கிலாந்தில் 2007 முதல், பொதுவான வாடகைக் குடியிருப்புகளுக்கு அட்வான்ஸ் வாங்கும் வீட்டுக்காரர், அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் அதைச் சேர்த்தாக வேண்டும். பிடித்தத்தில் தகராறு வந்தால், நீதிமன்றப் படியேறாமலே தீர்த்துக்கொள்ள அத்திட்டத்தில் வழியுண்டு. பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைதான் உச்சவரம்பு.

தமிழக அரசாலும் இதைச் செய்ய முடியும். மூன்று மாத வரம்புக்கு விலக்கு கூடாது. அட்வான்ஸ் பணம் இரு தரப்புக்கும் பொதுவான கணக்கில் இருக்கட்டும். பாக்கி வைப்பவரை வெளியேற்றவும், பணத்தைத் திருப்பித் தராதவரிடம் வசூலிக்கவும் வாடகை நீதிமன்றத்துக்குச் சில வாரங்களே கெடு வைக்க வேண்டும். அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே இதற்கான திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும்.